ஹட்டனில் பார்த்த மேல்மாடி

“…அதனால தோட்டம்னு சொல்லிக்க எங்களுக்கு யாரும் இல்லீங்கக்கா. பொறந்தது, வளந்தது எல்லாமே கொழும்புதான்,” என்று என் மனைவி சொல்லி முடித்தபோது, நான் மடிக்கணினியைத் திறந்து கையில் பிடித்தபடி, ஹட்டனில் அந்த மேல்மாடியின் எந்த மூலையில் சிக்னல் நன்றாக வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். அப்படியே நின்றுவிட்டேன்.

பதினான்கு வருடக் குடித்தனத்தில் அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. வெள்ளவத்தையில் எங்கள் கீழ் வீட்டுக்காரர் சொல்வார்: “உங்க வீட்டம்மாகிட்ட சுகமான்னு கேக்கவே பயமா இருக்கு, உண்மையான பதில் வந்துருது.” அப்படிப்பட்டவள். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்து, பன்னிரண்டு வயது வரை தோட்டத் தொழிலாளி மகளாகவே வளர்ந்தவள், முன்பின் பழகாத ஒரு மனுஷியின் முகத்தைப் பார்த்துத் தனக்குத் தோட்டமே இல்லை என்கிறாள்.

வீட்டுக்காரம்மா “அப்படியா” என்றார். அவ்வளவுதான்.

மலையகத்து ஆட்கள் இரண்டு பேர் எங்கே சந்தித்தாலும் பெயர் கேட்பது கடைசியில்தான். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், மேல் லயமா கீழ் லயமா, எத்தனையாம் காம்பரா. நாலாவது கேள்விக்குள் ஒரு மாமன் முறை கிடைத்துவிடும், இல்லாவிட்டால் ஒரு பழைய சண்டையாவது கிடைக்கும். நானே கந்தப்பளைக்காரன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் இப்படிக் கேட்டுக் கேட்டு, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனவன். வீட்டுக்காரம்மா அன்றைக்கு முதல் கேள்வியைத்தான் கேட்டிருந்தார். அதுவே அடைபட்டுவிட்டது. “தண்ணியத் தொறந்து பாருங்க, வெளிச்சம் எப்படி வருதுன்னு பாருங்க, நான் தேத்தண்ணி போட்டுக்கிட்டு வர்றேன்,” என்று கீழே இறங்கிப் போனார்.

நாங்கள் ஏன் அங்கே நின்றோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் காதால் பிழைக்கிறவன். பள்ளிக்கூடம் பத்தாம் வகுப்போடு நின்றது. கம்ப்யூட்டரை ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் நின்றுகொண்டே பழகினேன். ஊர் உலகத்தில் யார் யாரோ பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு எழுத்தாக்கிக் கொடுப்பதுதான் இப்போது வேலை. கொழும்பில் ஒரு கம்பனி. இரண்டு வருடங்களுக்கு முன் அவர்கள் அலுவலகத்தையே மூடிவிட்டு, எங்கே இருந்து செய்தாலும் சரி என்றார்கள். எங்கள் மேலாளர் சொன்னது இது: “குளிக்கிற எடத்துல உக்காந்துகூட வேல செய்யுங்க. எனக்குத் தண்ணிச் சத்தம் மட்டும் கேக்கக் கூடாது.”

எங்கள் வீடோ ஓர் அறையும் ஒரு குசினியும். நானும் மடிக்கணினியும் அறையில், அவள் குசினியில், ஒன்பது வயது மகள் இரண்டுக்கும் நடுவில். ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவையாவது கம்பனியிலிருந்து அழைப்பு வரும். வரும்போது மடிக்கணினி சின்ன வெண்கல மணி போல ஒரு சத்தம் போடும்.

அந்தச் சத்தம் கேட்டால் என் மனைவி எழுந்து நிற்பாள்.

முதல் ஒரு மாதம் நான் கவனிக்கவில்லை. பிறகு பார்த்தேன். லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருப்பாள். மணி அடிக்கும். கத்தியை வைத்து, கையைத் துடைத்து, அறை வாசல் வரை வந்து நிற்பாள். என்னைப் பார்ப்பாள். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பிப் போவாள். மணியை மாற்றிக் குருவிச் சத்தம் வைத்தேன். குருவிக்கும் எழுந்தாள். காதுக்குள் மட்டும் கேட்கும்படி வைத்தேன். அப்போதும் எழுந்தாள்.

“இப்ப ஒனக்கு ஒண்ணுமே கேக்கலையே,” என்றேன்.

“நீங்க முதுக நிமித்துறீங்கள்ல,” என்றாள். “அது போதும்.”

அவள் வேலைக்கிருந்த வீட்டைப் பற்றி எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். பன்னிரண்டு வயதில், ஹட்டன் ஸ்டேஷனில் வைத்து அவளுடைய அப்பா அவளை ஒரு புரோக்கரிடம் ஒப்படைத்தார். கொழும்பில் பெரிய வீடு. சாப்பாட்டு மேசை மேல் ஒரு கைமணி. தண்ணீருக்கு மணி, ஜன்னல் சாத்த மணி, ஃபேனைக் கூட்டிக் குறைக்க மணி. முதல் நாளே நோனா, அதாவது வீட்டு எஜமானியம்மா, அவளுக்கு வேறு பெயர் வைத்துவிட்டார். வைத்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. அவளுக்கு முன்னால் அங்கே இருந்த பிள்ளையின் பெயர் அது. ஒவ்வொரு தடவையும் புதுப் பெயர் பழக முடியாது என்றாராம்.

“அந்தப் புள்ளயும் நம்ம பக்கம்தான்,” என்று ஒரு நாள் சொன்னாள். “நான் போனப்ப அதோட சீப்பு பாய்க்கடியில இருந்துச்சு, மயிரோட. குசினிக் கதவுக்குப் பின்னால செவத்துல பென்சில் கோடு போட்டு ஒசரம் பாத்திருக்கு. கடைசிக் கோடு என் புருவத்துக்கு வந்துச்சு. அதுக்கு மேல கோடு இல்லீங்க. எங்க போச்சுன்னு யாருகிட்ட கேக்குறது. ஆறு வருசம் அது பேருக்கே எழும்பி எழும்பி நின்னேன்.”

கொஞ்ச நேரம் கழித்து, “சில நாளைக்கு நெனப்பேன், மணி அடிச்சா எழும்புறது நானா அதுவான்னு,” என்றாள். இதைச் சொல்லிவிட்டு எழுந்து போய் அரிசி களைந்தாள்.

அந்த ஆறு வருடத்தில் அவளுடைய அப்பா ஒரு தடவைகூடப் பார்க்க வரவில்லை. ஒரு தீபாவளிக்குக்கூட வரவில்லை. நோனா குடும்பம் வெளிநாடு போனதும் இவள் ஒரு கார்மெண்ட் பெக்டரிக்குப் போனாள். அங்கிருந்துதான் என் வாழ்க்கைக்கு வந்தாள். ஊருக்கு மட்டும் போகவில்லை. அம்மா இவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார். அப்பா இறந்த செய்தி எட்டு மாதம் கழித்து யார் மூலமாகவோ வந்தது. ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டு, பிசைந்து முடித்தாள்.

இத்தனையும் தெரிந்த நான்தான் ஹட்டனுக்குப் போகலாம் என்றேன். என் கணக்கு ரொம்பச் சுலபமாக இருந்தது. கொழும்பில் கொடுக்கும் வாடகைக்கு அங்கே மாடி முழுக்கக் கிடைக்கும். எனக்குத் தனி அறை. நான் கதவைச் சாத்திக்கொண்டால் அவள் என் முதுகைப் பார்க்க வேண்டியதில்லை. மகளுக்குக் குளிர் வேண்டும், இரண்டு சுவெட்டருக்கு நிறமே தேர்ந்தெடுத்துவிட்டாள். மனைவியிடம் சொன்னேன். “போவோம்ங்க,” என்றாள், நான் வாயை மூடுவதற்குள். அத்தனை வேகமாக வந்த சம்மதத்தைச் சந்தோஷம் என்று நான் எடுத்துக்கொண்டேன். அடுத்தவன் தொண்டையைச் செருமினால்கூடக் குறித்து வைக்கிறவன் நான். வீட்டில் அவ்வளவு லட்சணம்.

மகளைக் கீழ் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு வந்திருந்தோம். அன்று காலை ஹட்டனில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், ஸ்டேஷன் கண்ணில் படாத ஒரு சுற்று வழியாக, படிக்கட்டெல்லாம் ஏறவைத்து என்னைக் கூட்டிப் போனாள். இருபத்தெட்டு வருடம் கழித்து வருகிறாள், வழி தடுமாறவில்லை. எனக்கு ஏன் என்று தெரியும். தெரிந்துகொண்டே இன்டர்நெட் லைன் பற்றிப் பேசிக்கொண்டு பின்னால் நடந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் “வேணாம்” என்றுவிடுவாளோ என்று பயம்.

மேல்மாடியில் இரண்டு அறைகள். ஒன்று தேயிலை மலையைப் பார்த்தது. மற்றதன் ஜன்னலைத் திறந்தால் கீழே ஸ்டேஷன் கூரையும் தண்டவாளமும் தெரிந்தன. அந்த அறைக்குள் அவள் கால் வைக்கவில்லை. வாசலில் நின்று, “இது நல்ல வெளிச்சம், நீங்க வேலைக்கு வச்சிக்கங்க,” என்றாள். தூரத்து ஆளிடம் பேசுவது போல இருந்தது.

வீட்டுக்காரம்மா மூன்று கோப்பைத் தேத்தண்ணியோடு மேலே வந்தார். அவருக்கும் நாற்பது சொச்சம்தான் இருக்கும். வெளிநாட்டில் பதினொரு வருடம் வீட்டு வேலை செய்து இந்த வீட்டைக் கட்டியவர். அதை அவர் சொல்கிற விதம்: “கீழ் வீடு குவைத்துல தரை தொடச்சது. மேல் வீடு குவைத்துல புள்ள தூக்குனது. படிக்கட்டு மட்டும்தான் எம் புருசன் கட்டுனது, அதான் ஒண்ணு ஒசரம் ஒண்ணு பள்ளம்.” நான் சிரித்தேன். என் மனைவி பாயில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்து, தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் மணி அடித்தது. என் மடிக்கணினிதான். சிக்னல் பார்ப்பதற்காகப் பழைய மணியையே போட்டு, சத்தத்தை முழுதாக வைத்திருந்தேன்.

அவள் எழுந்து நின்றாள். தேத்தண்ணி தளும்பி முழங்கை வரை வழிந்தது. சட்டைக் கையை மேலே தள்ளித் துடைத்தாள். நான் அழைப்பை அணைத்தேன்.

வீட்டுக்காரம்மா அவளுடைய முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கோணலாக ஒரு தழும்பு உண்டு.

“அது என்னத்துல பட்டது?”

“சின்ன வயசுல… கத்தி.”

“என்னா கத்தி?”

அவள் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டாள்.

“கவ்வாத்துக் கத்தி,” என்றார் வீட்டுக்காரம்மா. தேயிலைச் செடியைத் தறிக்கிற வளைந்த கத்தி அது. “எங்கப்பன் கூரையில சொருகி வச்சிருந்தத நான்தான் எடுத்தேன். கொழும்புல கவ்வாத்து எந்த ரோட்டுல வெட்டுறாங்க, சொல்லு பாப்போம்.”

என் மனைவி உட்கார்ந்தாள்.

“என்னய யாருன்னு தெரியுதா?”

“கேட்டத் தொறந்தப்பவே தெரியும்.”

“தெரிஞ்சுக்கிட்டுத்தான் இல்லைன்னியா?”

“ம்.”

“நல்லாருக்குடி,” என்றார் அவர். கோபம்தான், ஆனால் கோபித்துக்கொண்டே நகர்ந்து அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “நான் ஒன் கையில தழும்பு போட்டதுக்கு எங்கம்மாகிட்ட வாங்குன அடி ஒனக்குத் தெரியாது. நீ ரயில் ஏறிப் போய்ட்ட. ஒன்பதாம் காம்பரா நாங்க, பத்து இவங்க,” என்று என்னிடம் சொன்னார். “நடுவுல ஒரு செவரு. அந்தாளு இருமுனா எங்க சட்டி ஆடும்.”

அந்தாள் என்றது என் மாமனாரை. நான் அவரைப் பார்த்ததே இல்லை, போட்டோவில்கூட.

“அவரப் பத்தி வேணாம்,” என்றாள் என் மனைவி.

“ஏன் வேணாம்?”

“ஆறு வருசம் வராத ஆளு.”

வீட்டுக்காரம்மா கோப்பையைத் தரையில் வைத்தார். “யாரு சொன்னா வரலைன்னு? மூணு தடவ வந்தாரே. ஒவ்வொரு தடவையும் தீபாவளிக்கு முந்துன வாரம். அன்னைக்கு வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக்குப் போகாம, காலையிலயே கழுவுன சட்டையப் போட்டுக்கிட்டுப் போவாரு. திரும்பி வந்தா, லயமே சுத்தி உக்காரும். ‘வளந்துருச்சு, என் தோளுக்கு வந்துருச்சு, நீலக் கவுன் போட்டிருக்கு, கால்ல செருப்பு, இங்கிலீசு பேசுது’ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. எனக்கு வயித்தெரிச்சல். அந்த நீலக் கவுனுக்காகத்தான் நான் வீட்டுல சண்ட போட்டுட்டு வேலைக்குக் கெளம்புனேன், தெரியுமா?”

“நான் நீலக் கவுன் போட்டதே இல்ல,” என்றாள் இவள்.

“தெரியும். அப்புறந்தான் தெரிஞ்சுச்சு.”

வீட்டுக்காரம்மா குவைத்திலிருந்து திரும்பிய சமயம் என் மாமனார் படுக்கையில் இருந்தாராம். கூப்பிட்டு, ஒனக்குக் கொழும்பு தெரியுமே, எம் புள்ளயப் பாத்தியா என்று கேட்டிருக்கிறார். “நீங்கதானே மாமா மூணு தடவ பாத்தீங்கன்னு கேட்டேன். அந்தாளு செவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. அப்புறமாச் சொன்னாரு. உள்ளயே விடலையாம்.”

ஏன் விடவில்லை என்பதை அவர் சொன்ன கணத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. கொழும்பில் ஒரு பெரிய கேட்டின் முன்னால் நின்று அவர் என்ன கேட்டிருப்பார்? தெரிந்த ஒரே விதத்தில் கேட்டிருக்கிறார். அக்கரப்பத்தனையிலிருந்து வருகிறேன், இந்தத் தோட்டம், மேல் டிவிசன், பத்தாம் காம்பராப் பிள்ளை. கடைசியாக அவளுடைய வீட்டுப் பெயர். வாச்சர் உள்ளே போய் விசாரித்து வந்து, அப்படிப் பெயருள்ள யாரும் இங்கே இல்லை, வேறொரு பிள்ளைதான் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறான். அவன் சொன்ன பெயர், சீப்பை விட்டுவிட்டுப் போன அந்தப் பிள்ளையின் பெயர். வீடு மாறி வந்துவிட்டோமோ, பிள்ளை ஓடிவிட்டதோ என்று தெரியாமல் அவர் ராத்திரி ரயிலைப் பிடித்திருக்கிறார். லயத்து ஆட்கள் முகத்தில் எப்படி முழிப்பது? நீலக் கவுன் அந்த ரயிலில்தான் தைக்கப்பட்டது. அடுத்த வருடம் தைரியம் வந்து மறுபடி போனார். அதற்கடுத்த வருடமும்.

“நான் உள்ளதான் இருந்தேன்,” என்றாள் என் மனைவி.

வீட்டுக்காரம்மா அவள் பக்கம் திரும்பினார்.

“ஒரு தடவ நோனா மணி அடிச்சாங்க. கேட்டுல யாரோ தோட்டத்து ஆளு வந்து நிக்கிறான், பாண் இருந்தா குடுத்து அனுப்புன்னாங்க. நான் பாண எடுத்து, பேப்பர்ல சுத்தி, வாச்சர் கையில குடுத்தேன்.” கையை நீட்டிக் காட்டினாள், இன்னும் அந்தப் பாண் ரொட்டி அதில் இருப்பது போல. “குசினி வாசல்ல நின்னே குடுத்தேன். கேட்டு வரைக்கும் போகல. எனக்கென்ன, யாரோ ஆளு.”

வீட்டுக்காரம்மா சொன்னார். “ரெண்டாவது தடவ. பாணோட வந்தாரு. அரை றாத்தல் பாண். ‘எம் புள்ள குடுத்துவிட்டுச்சு’ன்னு சொல்லிச் சொல்லி, ஒம்பது காம்பராவுக்கும் பிச்சுப் பிச்சுக் குடுத்தாரு. நானும் ஒரு துண்டு தின்னேன்டி. காஞ்சு போயிருந்துச்சு. கிழவன் அந்தப் பாண்ல மட்டும் பொய் சொல்லலடி. அவருக்கே அது தெரியாது.”

கீழே தெருவில் ஒரு பஸ் நடத்துநர் ஊர்ப் பெயர்களை அடுக்கிக் கத்திக்கொண்டிருந்தான். என் மடிக்கணினியில் நான்கு தவறிய அழைப்புகள் இருந்தன. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, எடுக்கத் தோன்றவில்லை. வருடக்கணக்காக நான் ஒரே ஓர் ஆவியைத்தான் எண்ணிவைத்திருந்தேன், அவள் புருவத்தோடு கோடு நின்றுபோன அந்தப் பிள்ளை. கேட்டுக்கு வெளியே கையில் பாணோடு நின்ற ஆள் கணக்கில் வரவே இல்லை. அவரும் எங்களோடுதான் வெள்ளவத்தையில் இருந்திருக்கிறார், அவள் எழுந்து வந்து வாசலில் நின்ற ஒவ்வொரு தடவையும்.

“அவர எங்க பொதச்சாங்க?” என்று கேட்டாள்.

“பழைய ரோதை பெக்டரிக்குக் கீழ. இப்ப மேல புதுத் தேயிலக் கன்னு போட்டுட்டாங்க. ஆனா எனக்கு எடம் தெரியும். ஞாயித்துக்கெழம போவோம்.”

“ம்.”

இனி நான் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று பட்டது. “வேணாம்மா,” என்றேன். “இந்த ஊரு வேணாம். கொழும்புலயே வேற எடம் பாப்போம். இல்லாட்டி கண்டி. வேலை எனக்கு எங்க இருந்தாலும் ஒண்ணுதான். நான்தான் யோசிக்காம இழுத்துக்கிட்டு வந்துட்டேன்.”

வீட்டுக்காரம்மாவும் தலையை ஆட்டினார். “எனக்கு வேற ஆளு வரும், அதப் பத்தி நெனைக்காத புள்ள. தெனமும் ஸ்டேஷன் முன்னால நடக்கணும். மார்க்கெட்டுக்குப் போனா லயத்து ஆளுக யாராச்சும் வந்து நிப்பாங்க. எல்லாத்துக்கும் கதை சொல்லணும்.”

அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சலிப்பு இருந்தது, ரொம்ப நேரம் பாரம் தூக்கி நின்றவளுக்கு வருமே, அது.

“மணி அடிச்சா நான் எழும்பத்தான் போறேன்,” என்றாள் என்னிடம். “கண்டிக்குப் போனாலும் எழும்புவேன். நீங்க எத்தன கதவ சாத்துனாலும் எழும்புவேன். எங்கயாச்சும் எழும்பி நிக்கிறதுன்னா, என்னயத் தேடி ஒரு ஆளு கெளம்புன ஊர்ல நிக்கிறேனே.” பிறகு வீட்டுக்காரம்மாவின் பக்கம் திரும்பினாள். “புள்ளைக்குப் பரீட்சை முடிய வர்ற மாசம் ஆகும். வந்துரலாமாக்கா?”

“வா,” என்றார் அவர்.

நான் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தேன். எந்த அறை யாருக்கு, மகளின் பள்ளிக்கூடம் என்ன, இப்படி ஏதோ. அவள் கோப்பையை எடுத்து, மிச்சமிருந்த ஆறிய தேத்தண்ணியைக் குடித்து, கோப்பையை ஓரமாக வைத்தாள். எழுந்து, ஸ்டேஷன் தெரிகிற அறைக்குள் போனாள். கைப்பையைத் தலைக்கு வைத்து, வெறும் சீமெந்துத் தரையில், ஜன்னல் பக்கம் முகம் வைத்துப் படுத்து, பட்டப்பகலில் தூங்கிப்போனாள்.